காரியம் கைவரும் விதம்

வகுப்பில் ஆசிரியர் கேட்ட கேள்விக்கு எல்லோருக்கும் முந்திக்கொண்டு விடை சொல்லுகிற பிள்ளை, அதே விடையை நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொன்னால் இரண்டு வரிக்குள் கை சோர்ந்து நின்றுவிடுவதையும், அவன் எழுத்துக்கள் கோட்டுக்கு மேலும் கீழுமாக அலைவதையும், ஓய்வு நேரத்தில் மற்றப் பிள்ளைகள் திடலுக்கு ஓடும்போது அவன் மட்டும் கேண்டீன் தூணோரம் ஒதுங்கி நிற்பதையும், விளையாட்டுக்கு அணி பிரிக்கையில் அவன் பெயர் கடைசிவரையில் கூப்பிடப்படாமலே இருப்பதையும் பார்த்திராத ஆசிரியர் நம் தமிழ்ப்பள்ளிகளில் ஒருவரும் இருக்க முடியாது. சட்டைப் பொத்தான் ஒரு துளை மாறிப் பூட்டியிருக்கும். சப்பாத்து இடம் வலம் மாறியிருக்கும். மைலோக் கோப்பை மேசைக்கு வந்து சேருமுன் பாதி சிந்தியிருக்கும். புத்தியிலே குறையில்லை, கண்ணிலே குறையில்லை, கைகால்களிலும் வெளிக்குத் தெரிகிற குறை ஒன்றுமில்லை. ஆயினும் மற்றப் பிள்ளைகளுக்குத் தானாகவே வந்துவிடுகிற சின்னஞ்சிறு காரியங்கள் இந்தப் பிள்ளைக்கு வருவதில்லை. இப்படிப்பட்ட பிள்ளைக்கு வீடுகளிலும் பள்ளிகளிலும் சூட்டப்படுகிற பெயர்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. சோம்பேறி என்பதே அவற்றுள் மிகவும் மிருதுவானது என்று சொன்னால் போதும்.

ஜொகூர் மாநிலத்தில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தோட்டத்துப் பள்ளியொன்றில் தொடங்கி, நகரத்துப் பள்ளியொன்றில் ஓய்வு பெறும்வரையில் அவற்றுள் சிலவற்றில் வேலை பார்த்தவன் நான். இப்பொழுது ஸ்கூடாயில் மகள் வீட்டில் இருக்கிறேன். மகள் வயிற்றுப் பேரன் மேலே சொன்ன பிள்ளைகளில் ஒருவன். அவனைத் தொழில்வழிச் சிகிச்சைக்கு அழைத்துப் போய்வருவதை அறிந்த நண்பர்களும் பழைய மாணவர்களும், "அங்கே என்னதான் செய்கிறார்கள், சார்? பிரயோசனம் உண்டா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிக்கொண்டிருப்பதைக் காட்டிலும் விஷயத்தை ஒரே இடத்தில் கிரமமாக எழுதி வைப்பது நலமென்று தோன்றிற்று. என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரயோசனம் நிச்சயமாக உண்டு. பிள்ளை எந்தக் காரியத்தைச் செய்ய ஆசைப்படுகிறானோ அந்தக் காரியத்தையே எடுத்துக்கொண்டு, அது நடக்கவேண்டிய இடத்திலேயே, அவனுடைய யோசனையையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு கற்பிக்கும்போதுதான் அந்தப் பிரயோசனம் கைக்கு வருகிறது.

வைத்திய சாஸ்திரம் இந்த நிலைக்கு 'டெவலப்மென்டல் கோஆர்டினேஷன் டிஸார்டர்' என்று பெயரிட்டு, சுருக்கமாக டி.சி.டி. என்று வழங்குகிறது; டிஸ்பிராக்ஸியா என்று சொல்வாரும் உண்டு. வளர்ச்சிப் பருவத்து ஒருங்கிணைப்புக் குறைபாடு என்று நாம் சொல்லலாம். 1937-இல் சாமுவேல் ஆர்ட்டன் என்ற அமெரிக்க வைத்தியர், குழந்தைகளின் வாசிப்பு, எழுத்து, பேச்சு ஆகியவற்றில் நேரும் சிரமங்களைப் பற்றிய தம் நூலில், அளவு மீறிய கைகால் தடுமாற்றத்தையும் ஒரு தனி வகையாகக் குறித்து வைத்தார். 1962-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இத்தகைய பிள்ளைகளைப் பற்றித் தலையங்கம் எழுதியது. 1975-இல் சாசன் கபே என்ற ஆஸ்திரேலிய நரம்பியல் வைத்தியர் இவர்களைப் பற்றியே முழு நூலொன்றை வெளியிட்டார். 1987-இல் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் கைநூலில் இன்றைய பெயர் இடம் பெற்றது; 1994-இல் கனடா நாட்டு ஒண்டாரியோ மாநிலத்தின் லண்டன் நகரில் கூடிய நிபுணர்கள் அந்தப் பெயரையே எல்லோரும் வழங்குவதென்று ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கைநூலின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு, 5 வயது முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 5 அல்லது 6 பேருக்கு இக்குறை இருப்பதாகச் சொல்லுகிறது. முப்பது பேர் அடங்கிய வகுப்பில் ஒருவரோ இருவரோ இருப்பார்கள் என்பது இதன் பொருள். பெண்களைவிட ஆண் பிள்ளைகளிடத்தில் இது அதிகமாகக் காணப்படுகிறது. கவனம் ஒருநிலைப்படாமையும் துறுதுறுப்பும் இவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் சேர்ந்தே இருக்கின்றன.

தடுமாறுகிற பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தப் பெயரைச் சூட்டிவிட முடியாது. வயதுக்கு ஏற்ற அளவில் கைகாலின் திறமை வளராதிருக்க வேண்டும். அதனால் உடுப்பது, உண்பது, எழுதுவது, விளையாடுவது முதலிய அன்றாடக் காரியங்கள் கெட வேண்டும். இளமை தொட்டே அது இருந்திருக்க வேண்டும். பார்வைக் குறையாலோ, அறிவு வளர்ச்சிக் குறையாலோ, பெருமூளை வாதம் போன்ற நரம்பு நோயாலோ அது உண்டானதாக இருத்தல் கூடாது. ஐந்து வயதுக்கு முன் இதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வழக்கமில்லை. ஏனெனில் அந்த வயதில் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு வேகத்தில் வளருகிறது. பெற்றோர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. முன்பு நன்றாகச் செய்துகொண்டிருந்த காரியத்தைப் பிள்ளை இப்பொழுது செய்ய முடியாமல் போனாலும், நாளுக்கு நாள் விழுவது அதிகரித்தாலும், உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பலவீனமாகத் தோன்றினாலும், தரையில் உட்கார்ந்தவன் தன் தொடைகளின்மேல் கையை ஊன்றி ஊன்றித்தான் எழுந்திருக்க முடிகிறதென்றாலும், 'இது வெறும் தடுமாற்றம், போகப் போகச் சரியாகிவிடும்' என்று சும்மா இருக்கலாகாது. அவை தசைநோய்க்கும் நரம்பு நோய்க்கும் அடையாளமாகலாம். தாமதமின்றி வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இந்தக் குறையின் உள்விவகாரத்தை விளங்கிக்கொள்ள, 1920-களில் மாஸ்கோவில் தொழிலாளர்களின் அசைவுகளைப் படம்பிடித்து ஆராய்ந்த நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன் என்ற விஞ்ஞானி கண்டது நமக்கு உதவும். சுத்தியலால் அடிப்பதில் கைதேர்ந்த தொழிலாளியின் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் அடிக்கு அடி வெவ்வேறு விதமாக அசைந்தபோதிலும், சுத்தியலின் முனை மட்டும் விழ வேண்டிய இடத்திலேயே விழுந்துகொண்டிருந்ததை அவர் கண்டார். திறமை என்பது ஒரே அசைவை அச்சடித்தாற்போலத் திருப்பித் திருப்பிச் செய்வதில் இல்லை. மாறிக்கொண்டே இருக்கிற சந்தர்ப்பத்துக்குத் தகுந்தபடி அந்தந்தக் கணத்தில் அசைவைத் திருத்திக்கொண்டு, விளைவை மட்டும் மாறாமல் காப்பதில் இருக்கிறது. நான் இதைப் படித்தபோது என் தாயாரின் கையைத்தான் நினைத்துக்கொண்டேன். விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர்த் தோட்டத்து நிரைக்குப் போய், நூற்றுக்கணக்கான பால்மரங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சீவிவருவார். பட்டைக்குள்ளே மரத்தை வளர்க்கிற மெல்லிய அடுக்கு இருக்கிறது. கத்தி அதைத் தொட்டுவிட்டால் மரம் காயப்பட்டுப் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். தொடாமல் அதிக தூரம் விலகி நின்றுவிட்டால் பால் குறைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் சொச்சம் பட்டையை மட்டும் விட்டு, இடமிருந்து வலமாகச் சரிவாக இழுக்க வேண்டும். ஒரு மரம் சாய்ந்திருக்கும், ஒன்று பருத்திருக்கும், ஒன்றின் பட்டை மழையில் ஊறியிருக்கும். கத்தியோ எல்லா மரத்திலும் அந்த ஒரே ஆழத்தில்தான் போகும். எப்படி என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது, கைக்குத் தெரியும்.

கைக்குத் தெரிவதென்றால், ஓர் அசைவைத் தொடங்குமுன்பே அதன் விளைவு எப்படியிருக்குமென்று மூளை கணித்துக்கொண்டு, கணிப்பும் நடப்பும் மாறுபடும்போது உடனே திருத்திக்கொள்ளுகிறது என்று அர்த்தம். டி.சி.டி. உள்ள பிள்ளைகளிடத்தில் இந்த முன்கணிப்பும் உடனடித் திருத்தமும் மந்தமாக இருப்பதாக ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். பந்து வந்து சேர்ந்த பிறகுதான் கை மூடும். கோப்பை சாய்ந்த பிறகுதான் மணிக்கட்டு நிமிரும். ஆகவே மற்றவர்கள் யோசியாமலே செய்கிற ஒவ்வொன்றையும் இந்தப் பிள்ளை யோசித்து யோசித்துச் செய்கிறது. பள்ளிவிட்டு வரும்போது அவன் ஏன் அவ்வளவு களைத்திருக்கிறான் என்பதற்கு இது போதுமான காரணம். இதைச் சோம்பலென்று சொல்வதைப் போன்ற அநியாயம் வேறில்லை. வகுப்பிலேயே அதிகமாகப் பிரயாசைப்படுகிற பிள்ளை அவன்.

இனிச் சிகிச்சையைப் பற்றிச் சொல்லுகிறேன். இதில் இரண்டு மார்க்கங்கள் நெடுங்காலமாக இருந்துவருகின்றன. கலிபோர்னியாவில் தொழில்வழிச் சிகிச்சை நிபுணராயிருந்த ஜீன் ஏயர்ஸ் அம்மையார் 1972-இல் வெளியிட்ட நூலின் வழியே பரவியது ஒன்று. தொடுவுணர்ச்சி, உடம்பின் சமநிலை, மூட்டுகளிலிருந்து வரும் உணர்ச்சி இவற்றை மூளை சரிவர இணைத்துக்கொள்ளாமையே தடுமாற்றத்துக்கு மூலமென்றும், ஊஞ்சல், உருளை, சாய்பலகை முதலியவற்றால் அந்த மூலத்தைச் சீர்செய்தால் கிளைகள் தாமே சீர்படுமென்றும் அந்த மார்க்கத்தார் கருதினார்கள். மற்றது, பிள்ளைக்கு வராத காரியத்தையே நேராகக் கையிலெடுத்துச் சொல்லிக்கொடுப்பது. கனடாவில் ஹெலன் பொலட்டைக்கோ என்ற அம்மையாரும் அவருடன் உழைத்தவர்களும் வகுத்த முறையும், நெதர்லாந்தில் தோன்றிய பயிற்சி முறையும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. இரண்டையும் ஒப்பிட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்தவர்கள், 2013-இலேயே, நேராகக் காரியத்தைக் கற்பிக்கும் முறையில்தான் பலன் அதிகமாகத் தெரிகிறது என்று எழுதினார்கள். 2019-இல் வெளியான சர்வதேசப் பரிந்துரைகளும் அதையே ஆதரிக்கின்றன. 2017-இல் காக்ரேன் அமைப்பின் பரிசீலனை, இந்த ஆராய்ச்சிகளில் பல சிறிய அளவில் நடந்தவை, இன்னும் உறுதியான சான்று வேண்டும் என்று எச்சரித்திருப்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆகையால், இத்தனை மாதத்தில் பூரண குணமென்று உத்தரவாதம் கொடுப்பவரைக் கண்டால் பெற்றோர்கள் சற்று விலகியிருப்பதே உத்தமம்.

தத்துவத்தை விட்டு மேசைக்கு வருவோம். முதல்நாள் எங்கள் பேரனைப் பரீட்சித்த தெரபிஸ்ட் தமிழ்ப்பெண். சிறு துளைகளில் முளை செருகுவது, பைக்குள் பந்து போடுவது, ஒற்றைக்காலில் நிற்பது முதலிய சோதனைகளையெல்லாம் முடித்துவிட்டு, எங்களிடம் ஒன்றும் கேளாமல் பிள்ளையைப் பார்த்து, "தம்பி, உனக்கு என்னா செய்ய வரணும்னு ஆச?" என்று கேட்டாள். அவனை அதுவரையில் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை போலும், சற்று நேரம் மௌனமாயிருந்துவிட்டு, "சட்ட பட்டன நானே போடணும், அக்கா. பி.ஜே. முடிஞ்சி எல்லாரும் மாத்திட்டுப் போயிடுறாங்க; நான் மட்டும் லாஸ்ட்டு. அப்புறம் பந்து பிடிக்கணும்" என்றான். (பி.ஜே. என்பது உடற்கல்விப் பாடம்.) அந்த இரண்டுமே சிகிச்சையின் இலக்கு என்று அவள் தன் காகிதத்தில் எழுதிக்கொண்டாள்.

பொத்தான் விஷயத்தில் அவள் செய்ததைச் சொல்லுகிறேன். சட்டையை மேசைமேல் விரித்து, கழுத்துப் பொத்தானை விட்டு அடிப்பொத்தானில் தொடங்கினாள். உடுத்தியிருக்கும்போது பிள்ளையின் கண்ணுக்கு நேராகத் தெரிவது அதுதான். பொத்தானைத் தானே துளையில் நுழைத்து, முக்கால்பங்கு வெளியே வந்த நிலையில் நிறுத்தி, "இப்ப நீ இழு" என்றாள். அவன் இழுத்தான், பூட்டிக்கொண்டது. அடுத்த தடவை பாதி வெளியே வந்த நிலையில் கொடுத்தாள். அதற்கடுத்த தடவை விளிம்பு மட்டும் எட்டிப்பார்க்கிற நிலையில் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் காரியத்தை முடித்தவன் அவனே. பொத்தானை நுழைக்கும் பொறுப்பு அவனிடமே வந்தபோது தடுமாற்றம் தொடங்கிற்று. வலக்கை பொத்தானோடு போராட, இடக்கை மடியில் கிடந்தது. "இந்தக் கைக்கு என்னா வேலை?" என்று அவள் இடக்கையைக் காட்டிக் கேட்டாள். அவன் அந்தக் கையை உற்றுப் பார்த்துவிட்டு, "துணியப் பிடிக்கிற வேல" என்றான், பிடித்தும் கொண்டான். துளையை இறுகப் பிடித்திருக்கும் கைதான் பொத்தானுக்குப் பாதி வழியைத் திறந்துவிடுகிறது என்பதை யாரும் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. விடைபெறும்போது என்னிடம், "அங்கிள், வீட்டுல அவசரம்னா மத்ததெல்லாம் நீங்க போட்டு விட்டுருங்க, கடைசிப் பட்டன மட்டும் அவனுக்கு வைங்க" என்று சொல்லி அனுப்பினாள். முதற்பாதியைப் பிள்ளையிடம் விட்டு, அவன் தவறியபின் நாம் பிடுங்கிக்கொண்டு முடிப்பதே வீடுகளில் வழக்கம். அப்படிச் செய்தால் பிள்ளைக்கு மிஞ்சுவது தோல்வியின் ஞாபகம் மட்டுமே. கடைசிப் படியை அவனுக்கு விட்டால் முடித்த சந்தோஷம் அவனுடையதாகிறது.

பந்து பிடிக்கும் விஷயத்தில் கனடாக்காரர்களின் முறையைக் கண்டேன். இலக்கு என்ன, திட்டம் என்ன, செய்து பார், சரியாக வந்ததா பார் என்ற நான்கு படிகளைப் பிள்ளையே தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்படி பழக்குகிறார்கள். பெரியவர்கள் 'கையை நீட்டு, காலை அகட்டு' என்று கட்டளையிட்டுக்கொண்டிராமல், கேள்விகளால் மட்டும் வழிகாட்ட வேண்டும் என்பது இதன் முக்கிய விதி. மாலையில் வீட்டு முன்புறப் போர்ச்சில் நான் பந்தை மெதுவாக எறிவேன். அது அவன் மார்பில் பட்டுக் கீழே விழும். "ஏன் விழுந்தது, ஐயா?" என்று கேட்பேன். "தெரியல தாத்தா" என்பான். "சரி, இந்தத் தடவை ஏன் என்று மட்டும் பார்" என்று சொல்லி எறிந்துகொண்டிருந்தேன். ஒருநாள் திடீரென்று, "தாத்தா, பந்து கிட்ட வர்றப்ப நான் கண்ண மூடிக்கிறேன் தாத்தா!" என்று கூவினான். இத்தனை வயதாகியும் என் கண்ணில் படாத காரணத்தை அவனே கண்டுபிடித்துவிட்டான். திட்டமும் அவனே போட்டான்: முதலில் பலூன், அது மெதுவாக வருவதால் பயமில்லை. பிறகு கடற்பஞ்சுப் பந்து; பிறகு ரப்பர்ப் பந்து. பந்தின்மேல் வரைந்த கோடு எத்தனை தடவை சுழன்றதென்று சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையை நான் சேர்த்தேன். அதைப் பார்ப்பதற்காகவே கண் திறந்திருந்தது. எல்லாப் பந்தையும் இன்று பிடித்துவிடுகிறான் என்று நான் சொல்லவில்லை. விழுந்த பந்தை ஓடி எடுத்து வந்து, "இன்னொன்னு போடுங்க தாத்தா" என்று சொல்லுகிறான். முன்பெல்லாம் விழுந்ததும் உள்ளே போய்விடுவான்.

எழுத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஏனெனில் பள்ளிப் பிள்ளைகளை இந்தச் சிகிச்சைக்குக் கொண்டுசேர்க்கும் காரணங்களில் அது தலையாயது. நம் பிள்ளைகள் முதலாம் ஆண்டிலேயே தமிழ் வரிவடிவத்தையும், மலாய்க்கும் ஆங்கிலத்துக்குமான ரோமன் வரிவடிவத்தையும் ஒருங்கே கற்கிறார்கள். ணகரத்தின் சுழிகளையும், ஞகரத்தின் மடிப்பையும், இகரத்தின் சுற்றலையும் எழுதும்போது கை எத்தனை தடவை திசை மாறுகிறதென்று எண்ணிப் பார்த்தால், தடுமாறுகிற கைக்கு அது எவ்வளவு பெரிய யாத்திரை என்பது விளங்கும். விஜயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து எழுதுவதைப்போல, எழுத்தின் போக்கை முதலில் பெரிதாகப் பழக்குவது நல்லதே. ஆனால் அரிசியில் எழுதினால் அரிசியில் எழுத வருமேயன்றி, நோட்டில் எழுத வருவதற்கு நோட்டிலும் பென்சிலாலும்தான் அப்பியாசம் வேண்டும். கால் தரையில் படும்படியான நாற்காலி, முழங்கை படியும் உயரத்தில் மேசை, தினந்தோறும் சில நிமிஷம், வீட்டுப்பாடத்தில் உண்மையாகவே வருகிற சொற்கள் - இவை போதும். முடிவில், தான் எழுதியவற்றுள் எது அழகாக வந்திருக்கிறதென்று பிள்ளையே வட்டமிடட்டும். தவறுக்குச் சிவப்பு மை போடுவதைவிட, சரியானதைத் தானே அடையாளம் காணும் பழக்கம் பிள்ளையை வெகுதூரம் கொண்டுசெல்லும்.

அசைவைக் கற்பிக்கும் சாதனங்கள் நம் சமூகத்தில் குறைவாக இருந்ததேயில்லை. லயத்து வீடுகளின் வாசலில் பாண்டியும் கோலியும் ஐந்தாங்கல்லும் கில்லியும் ஆடிய காலத்தில், பெரிய பிள்ளைகளும் சிறிய பிள்ளைகளும் ஒன்றாகவே ஆடினார்கள். சரியாக ஆட வராத பிள்ளையை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வது வழக்கம்; அவன் ஓடலாம், எறியலாம், பிடிக்கலாம்; தவறினால் ஆட்டமிழப்பு மட்டும் இல்லை. பெயர் இன்றைய காதுக்குக் கடுமையாக ஒலித்தாலும், தண்டனையின் பயமின்றி, ஒத்த வயதினர் நடுவே, வேண்டிய மட்டும் பழகிக்கொள்ள அந்த ஏற்பாடு இடங்கொடுத்தது. தாமான் வீடுகளின் இரும்புக் கதவுகளுக்குப் பின்னே வளருகிற இன்றைய பிள்ளைக்கு அந்த வாசல் இல்லை. ஆகவே நாம் வேண்டுமென்றே ஒரு வாசலை உண்டாக்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நடனமும் சிலம்பமும் அந்த வாசல்களாகலாம். பரதத்தின் அடவுகளை முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என்று வேகத்தைப் படிப்படியாக இரட்டித்துப் பழக்குகிறோம். சிலம்பத்தில் எதிராளி வருவதற்கு நெடுநாள் முன்பே கால்வரிசை தொடங்கிவிடுகிறது. மெதுவாகச் செய்து, தாளத்தோடு சேர்ந்து, பலர் நடுவே பழகுகிற இந்தக் கிரமம் தடுமாறுகிற பிள்ளைக்கு மிகவும் ஏற்றது. ஹாங்காங்கில் டி.சி.டி. உள்ள பிள்ளைகளுக்கு மூன்று மாதம் தைக்குவாண்டோ கற்பித்ததில் அவர்கள் உடம்பின் சமநிலை முன்னேறியதாக 2012-இல் வெளியான ஆராய்ச்சியொன்று சொல்லுகிறது. தைவானில் மேசைப்பந்தைக் கொண்டும் இவ்வாறு முயன்றிருக்கிறார்கள். சிலம்பத்தை வைத்து இதேபோல் நம் நாட்டவர் யாரேனும் ஆராய வேண்டுமென்பது என் ஆசை. சென்னையில் அம்பிகா காமேஷ்வர் அம்மையார் 1989-இல் நிறுவிய 'ராசா' என்னும் ரமண சுந்ருத்ய ஆலயம், பாட்டையும் நடனத்தையும் நாடகத்தையும் கருவியாகக் கொண்டே சிறப்புத் தேவையுள்ளவர்களின் வளர்ச்சிக்கு உழைத்துவருகிறது. நம் கலைகள் மேடைக்காக மட்டும் ஏற்பட்டவையல்ல என்பதற்கு அந்த ஸ்தாபனமே சாட்சி. எனினும் எந்த வகுப்பில் சேர்ப்பதென்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். சேர்ந்த சில மாதங்களுக்குள் பரீட்சையென்றும் போட்டியென்றும் மேடையேற்றுகிற குருவிடம் இந்தப் பிள்ளையை அனுப்பலாகாது.

ஜொகூரில் இருப்பவர்களுக்கு வழி இதுதான். முதலில் உங்கள் வட்டாரத்து அரசாங்கக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். பிள்ளையின் பள்ளி நோட்டு ஒன்றையும், எந்தெந்தக் காரியம் வரவில்லையென்று ஆசிரியர் எழுதிய குறிப்பையும் கொண்டுபோங்கள். அங்குள்ள வைத்தியர் கடிதம் கொடுத்து, சுல்தானா அமினா மருத்துவமனை, சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளின் குழந்தை நல வைத்தியரிடம் அனுப்புவார். அவர் வழியாகத் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். முறை வரும்வரையில் காத்திருக்க நேரலாம். காத்திருக்கும் காலத்தை வீணாக்க வேண்டாம். மேலே சொன்ன கடைசிப் பொத்தானும் பலூனும் எந்த வைத்தியரின் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியவையல்ல. குறை அதிகமாயுள்ள பிள்ளைகளுக்கு, 1984-இல் திரங்கானு மாநிலத்துப் பத்து ராக்கிட்டில் தொடங்கி நாடெங்கும் பரவிய பி.டி.கே. என்னும் சமூக மறுவாழ்வு நிலையங்கள் இருக்கின்றன. சமூக நல இலாகாவின் ஆதரவில் உள்ளூர்க்காரர்களே குழுவமைத்து நடத்துபவை அவை. ஓ.கே.யு. என்னும் மாற்றுத்திறனாளி அட்டை வேண்டுமா என்று பலர் கலங்குகிறார்கள். தடுமாற்றமுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் அது தேவைப்படுவதில்லை. தேவையென்று வைத்தியர் சொன்னால் வாங்கிக்கொள்வதில் வெட்கத்துக்கு இடமேயில்லை. 2008-ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஓர் உரிமையின் வாயிலாகவே வைத்திருக்கிறது. தனியார் நிலையத்துக்குப் போகிறவர்கள் பணம் கட்டுமுன் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்: பிள்ளையின் எந்தக் காரியத்துக்காக இந்தப் பயிற்சி? முன்னேற்றத்தை எதனால் அளப்பீர்கள்? வீட்டில் நாங்கள் செய்ய வேண்டியது என்ன? எப்பொழுது நிறுத்தலாம்? இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்லுகிறவரிடம் நம்பி விடலாம்.

என்னுடன் வேலை பார்த்த ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. இந்தப் பிள்ளைகள் விளையாட்டிலிருந்து ஒதுங்க ஒதுங்க உடம்பு கனக்கிறது. உடம்பு கனக்கக் கனக்க ஒதுங்குவது அதிகமாகிறது. தனிமையும் மனக்கலக்கமும் கூடவே வளருகின்றன. கைகால் தடுமாற்றத்தால் நேரும் தீங்கைக் காட்டிலும் இந்தத் தொடர்ச்சியால் நேருவதே பெரிது என்பது என் அனுபவம். இதைத் தடுக்கப் பெரிய செலவு வேண்டியதில்லை. பி.ஜே. பாடத்தில் இரண்டு தலைவர்களை நிறுத்தி ஆள் பொறுக்கச் சொல்லும் வழக்கத்தை விட்டு, எண் சொல்லி அணி பிரியுங்கள். உடை மாற்ற ஐந்து நிமிஷம் முன்னதாக அவனை அனுப்புங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் பாதியைக் குறைத்து, மீதியை வாயால் சொல்லச் சொல்லுங்கள். அவனுடைய அறிவை அளப்பதற்கு அதுவே நியாயமான கோல். விளையாட்டுப் போட்டி நாளில் அவனைத் தண்ணீர் கொடுக்கவும் கொடி பிடிக்கவும் மட்டும் வைத்துவிடாமல், அவனாலும் பயிற்சி செய்து முடிக்கக்கூடிய ஒரு நிகழ்ச்சியையாவது அட்டவணையில் சேருங்கள்.

இந்தக் குறை பெரியவர்களானபின்னும் பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஓர் அளவில் நீடிக்கிறதென்று ஆராய்ச்சிகள் சொல்லுகின்றன. பெற்றோர்கள் இதைக் கேட்டு மனம் தளர வேண்டியதில்லை. எதை எதிர்பார்ப்பதென்பது தெளிவாகிறது, அவ்வளவுதான். என் பேரன் பந்தாட்டக்காரனாக வேண்டும் என்பது எங்கள் இலக்கன்று. புதிய காரியம் ஒன்று எதிர்ப்படும்போது, 'எனக்கு வராது' என்று விலகாமல், 'இதை எப்படிப் பிரித்துப் பழகலாம்?' என்று கேட்கிற மனிதனாக அவன் வளர வேண்டும். வாகனம் ஓட்டக் கற்கும்போதும், தொழில் பழகும்போதும், தன் பிள்ளைக்குச் சட்டை மாட்டும்போதும் அந்தக் கேள்விதான் அவனுக்கு உதவப்போகிறது. ஆகையால் உங்கள் வீட்டில் இப்படியொரு பிள்ளை இருந்தால், இன்றைக்கே பக்கத்தில் உட்காரவைத்து, உனக்கு என்ன செய்ய வரவேண்டும் என்று ஆசை என்று கேளுங்கள். அவன் சொல்லுவது உங்களுக்கு அற்பமாகத் தோன்றினாலும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விரும்புகிற காரியம் அடுத்த வருஷம் வரையில் காத்திருக்கட்டும்.